யன்னலுக்குக் கீழே மூன்று வரிக் கல்

உங்கள் வீட்டில் ஒரு பெண் வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது சுவரில் ஓர் ஆணி அடிப்பீர்களா? நாட்காட்டி மாட்டுவதற்கு ஒரேயோர் ஆணி. உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் பட்டம் பெற்றவராக இருக்கலாம், பத்திரிகையில் அறிவியல் பக்கத்தை முதலில் புரட்டுகிறவராகவும் இருக்கலாம். ஆனாலும் சுத்தியலைத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றிருக்கும். ஏன் வீண் வில்லங்கம், பிள்ளை பிறந்த பிறகு பார்ப்போம் என்று சுத்தியலை மேசையில் வைத்திருப்பீர்கள். உங்களுக்கு அதனால் ஒரு நட்டமுமில்லை. நாட்காட்டி சில மாதங்கள் மேசையில் கிடக்கும், அவ்வளவுதான். ஆனால் உங்களைப் போன்ற நல்ல மனிதர்கள் ஆயிரம் பேர் ஆளுக்கு ஒருமுறை இப்படிக் கையை இறக்கியதில்தான் வன்னியில் கண்டாவளைப் பக்கத்துக் குடியேற்றம் ஒன்றில் ராஜினி என்ற பெண்ணின் கழுத்தில் ஊரின் பழி கயிறாக விழுந்தது.

ராஜினிக்கு இப்போது முப்பது வயது. அவளுடைய தாத்தா மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் லயம் என்ற வரிசை வீட்டில் பிறந்தவர். கலவரம் துரத்த, கையில் அகப்பட்டதைச் சுருட்டிக்கொண்டு வன்னிக்கு வந்து காடு வெட்டியவர். வெட்டிய காடு வயலானது. வயல் வேறு யாருடையதோ ஆனது. மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் வேர்வை சிந்தியும், இந்த ஊரின் பேச்சைப் பேசியும், இந்த ஊரின் குண்டுகளுக்கே செத்தும், 'தோட்டக்காட்டார்' என்ற பெயர் மட்டும் அவர்களைவிட்டுப் போகவில்லை. ராஜினியின் கணவன் நிஷாந்தனும் அதே சனம்தான். இரணைமடுக் குளத்திலிருந்து தண்ணீர் திறந்தால் அடுத்தவர்களின் வயலில் உழவு மெசின் ஓட்டுவான். தண்ணீர் பூட்டினால் கிடைத்த கூலிக்குப் போவான். நல்லவன். ஆனால் சண்டை என்று வந்தால் வாயை மூடிக்கொண்டு வயலுக்குப் போய்விடுகிற வகை நல்லவன்.

அவர்களுக்கு வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தபோது ராஜினிக்கு முதல் பிள்ளை வயிற்றில். 'இந்தத் திகதிக்குள் லிண்டல் மட்டம் வரவேண்டும், அந்தத் திகதிக்குள் கூரை ஏறவேண்டும், இல்லையென்றால் வீடு அடுத்தவருக்குப் போய்விடும்' என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். கருவறைக்கும் அரசாங்கக் கந்தோருக்கும் ஒரே கால அட்டவணை இருப்பதில்லையே. ஆறாம் மாதத்தில் வாசல் நிலை வைத்தார்கள். நிலையைச் சரியாமல் பிடித்துக்கொள்ள வேறு ஆளில்லாமல் ராஜினியே பிடித்தாள். நிஷாந்தன் ஆணி அடித்தான்.

மகள் யதுசிகா மேலுதடு பிளந்து பிறந்தாள்.

விசாரணைக்கு ஊருக்கு அரை மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. "வயித்தில பிள்ளையை வைச்சுக்கொண்டு நிலை பிடிச்சவள். ஆணி எங்க இறங்கும்? பிள்ளையின்ர வாயிலதான் இறங்கும்" என்று பக்கத்து வளவு நேசமலர் தீர்ப்பெழுதினாள். ஆண்கள் தலையாட்டினார்கள். ஆணி அடித்தவன் நிஷாந்தன்; குற்றவாளி ராஜினி. இந்த வகை நீதிமன்றங்களில் ஆண்கள் ஒருபோதும் கூண்டில் ஏறுவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

யதுவுக்கு யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. தைத்த டொக்டரிடம் ராஜினி ஆணிக் கதையைச் சொன்னாள். அவர் அவளை இருத்தி வைத்துக் கேட்டார்.

"நிலை எப்ப வைச்சனீங்கள்?"

"ஆறாம் மாசம், டொக்டர்."

"உதடு கூடுறது முதல் ரெண்டு மாசத்துக்குள்ள, அம்மா. கூடாட்டில் அப்பவே கூடாது. நீங்கள் நிலையைப் பிடிக்கேக்க இந்தப் பிள்ளையின்ர உதடு ஏற்கெனவே பிரிஞ்சுதான் இருந்தது. ஏன் பிரியுது எண்டு எங்களுக்கே முழுசாத் தெரியாது. ஆனா ஆணியால இல்லை. விளங்குதோ?"

ராஜினி விளங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரி விடுதி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த வசனத்தை ஊருக்குக் கொண்டுவந்து வீடு வீடாகச் சொன்னாள். ஒருவரும் வாங்கவில்லை. "டொக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவினம். அவையள் மனம் நோகக்கூடாது எண்டு கதைக்கிறது" என்றாள் நேசமலர். மாமி கமலேஸ்வரியோ அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

கமலேஸ்வரியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏழு வயதில் தகப்பனின் தோளில் இருந்து இந்த மண்ணுக்கு வந்தவள். ஊரில் எவரும் விட்டுவிடும் விரதத்தையும் விடமாட்டாள். வெள்ளிக்கிழமை நகம் வெட்டமாட்டாள், செவ்வாய்க்கிழமை உப்புக் கொடுக்கமாட்டாள். இராகு காலத்தில் வேலிப் படலை தாண்டுகிறவர்களையும் மறித்து இருத்திவிடுவாள். பக்தி என்று நினைப்பீர்கள். அல்ல, பயம். ஊர்க்காரர் ஒரு பிழை விட்டால் அது மறதி. இவர்கள் விட்டால் அது 'தோட்டக்காட்டுப் பழக்கம்'. ஊரைவிட ஒரு படி கூடுதலாகச் சாத்திரம் பார்த்தால் ஒருநாள் ஊர் தன்னைச் சேர்த்துக்கொள்ளும் என்று நம்பி ஒரு வாழ்க்கை முழுவதையும் அடகு வைத்தவள் அவள்.

இந்த வருடம் வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்டத் தொடங்கினார்கள். ஒரு கூடம், ஓர் அறை, ஒரு குசினி. இதற்குள் நான்கு பேர். யதுவுக்கு ஏழு வயது. அறையில் மாமி படுப்பாள். மற்ற மூவரும் கூடத்தில். வீட்டின் பின்சுவரோடு ஒட்டியபடி புதிய அறையைக் கட்டி, அந்தச் சுவரிலுள்ள யன்னலைக் கழற்றி, யன்னலுக்குக் கீழே இருக்கிற மூன்று வரிக் கல்லை உடைத்து வாசலாக்கிவிட்டால் வேலை முடிந்தது. மேலே லிண்டல் ஏற்கெனவே கிடக்கிறது. மேசன் யோகலிங்கம்தான் இந்த யோசனையைச் சொன்னவன். நேசமலரின் தம்பி. வேலையில் சுத்தமானவன். கல் வைக்கும் முன் கற்பூரம் கொளுத்துகிறவன்.

அத்திவாரம் வெட்டி முடிந்த கிழமையில் ராஜினிக்குத் தெரிந்துவிட்டது. நாள் தள்ளிப்போயிருந்தது.

குசினிக்குள் மூவரும் கூடினார்கள். அது ஒரு மகிழ்ச்சியான செய்தி என்பது அந்தக் குசினியில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"யோகலிங்கத்துக்குத் தெரிஞ்சால் கரண்டியைப் போட்டிட்டுப் போயிடுவான்" என்றான் நிஷாந்தன்.

"அப்ப நிப்பாட்டு" என்றாள் தாய். சொன்ன வாயை உடனே கையால் பொத்திக்கொண்டாள். "ஐயோ, வெட்டின அத்திவாரத்தை வாய் பிளந்தபடி விடுறதும் கூடாதே!"

கட்டினாலும் தோசம், கட்டாவிட்டாலும் தோசம். தன் வாலைத் தானே விழுங்குகிற இந்தச் சாத்திரத்துக்குள் ஓர் ஓட்டையைக் கமலேஸ்வரியே கண்டுபிடித்தாள். "மூண்டு மாசத்துக்கு எப்பிடியும் வெளியில சொல்லக்கூடாதுதானே. சொல்லாமல் இருப்பம். ஊருக்குத் தெரியாமல் இருந்தால் ஒண்டும் செய்யாது. அதுக்கிடையில அறை எழும்பிடும்."

கருவிலிருக்கும் பிள்ளையின் வாயைப் பிளக்கும் வல்லமை படைத்த அந்த மாபெரும் சக்திக்குச் சொந்தக் கண் கிடையாது; அது நேசமலரின் கண்ணால்தான் பார்க்கும்! இதை நம்பித்தான் ஒரு குடும்பம் முடிவெடுத்தது.

"அப்ப கிளினிக்?" என்று கேட்டாள் ராஜினி. "சுமித்திரா மிஸ்ஸிட்டப் பதியோணும். முதல் பிள்ளைக்கு இப்பிடி எண்டபடியால் வேளைக்கே வரச் சொன்னவா."

"மிஸ்ஸின்ர ஸ்கூட்டி எங்கட படலையில நிண்டால் பின்னேரத்துக்குள்ள ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும்" என்றான் நிஷாந்தன். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "கொஞ்ச நாள்தானே ராஜினி. சுவர் எழும்பட்டும்."

ராஜினி வாதாடியிருக்கவேண்டும். டொக்டர் சொன்ன அந்த முதல் இரண்டு மாதம் அவளுக்குத் தெரியும். ஆனால் பார்த்தாள்: வெட்டிய அத்திவாரம், மாரிக்கு முன்னர் ஏறவேண்டிய கூரை, மூச்சுவிட இடமில்லாத கூடம், மன்றாடுகிற புருசன். அவள் தலையாட்டினாள். முட்டாள்தனத்தோடு சமாதானம் செய்துகொண்டால் அது பாதியோடு விடும் என்று நினைத்தாள். அது விடாது.

ஒரு முற்பகல் சுமித்திரா வந்தாள். குடும்பநல உத்தியோகத்தர், ஊருக்கு 'மிட்வைஃப் மிஸ்'. ஸ்கூட்டியின் சத்தம் படலையில் நின்றதும் கமலேஸ்வரி முற்றத்துக்கு ஓடினாள். ராஜினி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"ராஜினி நிக்கிறாவோ, அம்மா?"

"இல்லை மிஸ். வவுனியாவுக்குப் போயிட்டாள். செட்டிகுளத்தில தாய் வீட்டை."

"வந்தவுடன என்னட்ட வரச் சொல்லுங்கோ. அடுத்த பிள்ளைக்கு யோசிக்கினம் எண்டால் இப்பவே ஃபோலிக் குளிசை குடிக்கத் துவங்கோணும். மறக்காமல் சொல்லுங்கோ."

"ஓம், ஓம். சொல்லுறன்."

துருவுபலகையின் சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று ராஜினி கையை நிறுத்திக்கொண்டு குந்தியிருந்தாள். தன்னைத் தேடி வந்த ஒரேயோர் உதவி ஸ்கூட்டியைத் திருப்பி, ஒழுங்கையால் போய், தெருவில் ஏறும்வரை அசையவில்லை. எண்ணிப்பாருங்கள். உதடு பிரிந்து பிறந்த பிள்ளையின் தாய். அடுத்த பிள்ளை அதே ஆரம்ப மாதங்களில். மருந்து படலை வரை வந்திருக்கிறது. ஆணிக்குப் பயந்து அதைத் திருப்பி அனுப்பினார்கள்.

சுவர் எழும்பியது. யோகலிங்கம் யன்னலையும் கழற்றினான். கூரைக்குத் தகரம் ஏறியது. மூன்று மாதம் என்று சொன்னது நாலாகி, ஐந்தும் நடந்துகொண்டிருந்தது. ராஜினி நிஷாந்தனின் பெரிய சேர்ட்டுகளைப் போட்டுக்கொண்டு நடமாடினாள். கல் உடைப்பதற்கென்று குறித்த நாளில், சீமெந்து குழைக்கக் கிணற்றிலிருந்து தண்ணீர் தூக்கி வரும்போது கண் இருண்டது. வாளியோடு விழுந்தாள்.

யோகலிங்கம்தான் ஓடிவந்து தூக்கினான். சத்தம் கேட்டு நேசமலர் வேலிக்குள்ளால் நுழைந்து வந்து, ஈரச் சேர்ட்டைப் பார்த்தாள். வயிற்றில் கையை வைத்தாள்.

"கடவுளே! இது அஞ்சு மாசத்து வயிறெல்லோ!"

மயங்கிக் கிடக்கிறவளின் முகத்தில் தண்ணீர் தெளிப்பதற்கு முன் யோகலிங்கம் தன் சாமான்களைப் பொறுக்கத் தொடங்கினான்.

"தெரிஞ்சுகொண்டு என்னைக் கொண்டு கட்டுவிச்சனீங்கள், என்ன? எனக்கும் பிள்ளையள் இருக்கு நிஷாந்தன். உங்கட பாவத்தை என்ர தலையில கட்டப் பாத்தியள்."

"அண்ணை, இன்னும் மூண்டு வரிக் கல்லுத்தானே..."

"ஒரு கல்லுத் தொடமாட்டன். இந்த ஊரில ஒரு மேசனும் தொடமாட்டான், நான் சொல்லிப்போடுவன்."

நேசமலர் எழுந்து நின்று கமலேஸ்வரியைப் பார்த்தாள். "தோட்டக்காட்டுச் சனத்துக்கு நல்லது கெட்டது தெரியாது எண்டு எங்கட அம்மா சொல்லுறவா. நான்தான் அப்பிடிச் சொல்லாதையுங்கோ எண்டு மறிச்சனான்." கமலேஸ்வரி அடிபட்டவள் போல் நின்றாள். அவள் வாழ்நாள் முழுவதும் ஓடித் தப்பிய அந்தச் சொல் கடைசியில் அவளுடைய முற்றத்திலேயே அவளைப் பிடித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் மிகக் குறைவு என்றார்கள். சுமித்திரா வந்து கட்டிலருகே நின்றபோது திட்டுவாள் என்று ராஜினி காத்திருந்தாள். திட்டத்தான் செய்தாள்.

"நான் உங்கட படலை வரைக்கும் வந்தனான், ராஜினி. அண்டைக்கு வீட்டுக்க இருந்தனீங்கள்தானே?"

"ஓம் மிஸ்."

"முதலே குடிக்கவேண்டிய ஃபோலிக் குளிசை. கரு தங்க முதலே துவங்கச் சொல்லுறது உங்களை மாதிரி ஆக்களுக்குத்தான். அதைக் குடிச்சால் எல்லாம் சரியா வரும் எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். ஆனா எங்களிட்ட இருக்கிறது அதுதானே! அதையும் விட்டிட்டு... ஒரு சுவருக்காகவோ?"

ஸ்கானில் இப்போதைக்குக் குறையாக எதுவும் தெரியவில்லை என்றார்கள். இரும்புச்சத்துக் குளிசை கொடுத்து, பாரம் தூக்கக்கூடாது, வழுக்குகிற இடத்தில் நடக்கக்கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வழுக்காத இடம் எங்கே? மாரி தொடங்கியிருந்தது. மாமி சட்டம் போட்டுவிட்டாள்: பிள்ளை பிறந்து துடக்குத் தீட்டுக் கழியும்வரை கல் உடைக்கக்கூடாது. ஆகவே புதிய அறைக்குப் போவதென்றால் குசினிக் கதவால் இறங்கி, வீட்டைச் சுற்றி, களிமண் சேற்றில் கால் புதைய நடந்து, வெளிக்கதவால் ஏறவேண்டும். கழற்றிய யன்னலின் ஓட்டையால் பாயும் தலையணையும் போய்வந்தன. தேத்தண்ணி போனது. யது தாவிப் போய்வந்தாள். வயிறு பெருத்த ஒருத்தி மட்டும் போகமுடியாது. அவளும் படுப்பதற்கென்று கட்டிய அறை அது.

யன்னலைப் பெயர்த்தது குற்றமில்லை. அதற்குக் கீழேயுள்ள கல்லைப் பெயர்த்தால் குற்றம். எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்று ராஜினி கேட்டாள்.

"வாய் காட்டாதை பிள்ளை. ஒருக்கால் பட்டது போதாதே?" என்றாள் மாமி.

"ஒருக்கால் எனக்கு என்ன பட்டது மாமி? சொல்லுங்கோ, கேப்பம்."

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

"ஊர் சொல்லுது, நீங்கள் சொல்லாமல் சொல்லுறியள்."

ராஜினிக்கு 2009 யுத்தம் நினைவிருக்கிறது. அப்போது அவளுக்கு யதுவைவிட இரண்டு மடங்கு வயது. அவளுடைய அம்மா தம்பியை வயிற்றில் வைத்துக்கொண்டு இடம் மாறி மாறிப் போன ஒவ்வோர் இடத்திலும் மண்வெட்டியால் பங்கர் வெட்டினாள். ஷெல் விழுகிற நிலத்தில் எந்தச் சாத்திரியும் வந்து, 'வயிற்றுப் பிள்ளைக்காரி மண்ணை வெட்டாதே' என்று மறிக்கவில்லை. தம்பி செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் ஒரு குறையுமில்லாமல் பிறந்தான். ஒரு தம்பி நன்றாகப் பிறந்ததால் எதுவும் நிறுவப்பட்டுவிடாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு யதுவை வைத்து மட்டும் எப்படி எல்லாம் நிறுவப்பட்டது? இதற்குப் பதில் தேவையென்று ஊரில் எவரும் நினைக்கவில்லை.

தாயும் மகளும் கடைக்குப் போன ஒரு நாள், பாண் வாங்க நின்ற சனத்தின் நடுவே, யதுவின் முகத்தைப் பார்த்தபடியே நேசமலர் சொன்னாள். "மூத்ததின்ர வாயைப் பாத்தும் தாய்க்குப் புத்தி வரேல்லை. ரெண்டாவதைப் பாப்பம்."

அன்றிலிருந்து யது தையல் தழும்பைக் கையால் மறைத்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினாள். ஏன் என்று கேட்டால் குளிருது என்றாள்.

அடுத்த கிழமை ஒரு மதியம் காற்றோடு மழை அடித்தது. புதிய அறையின் தகரம் ஒன்று கிளம்பி, படபடவென்று அடிக்க, உள்ளே நீர் கொட்டியது. நிஷாந்தன் நனைந்துகொண்டே சுத்தியலைத் தேடினான். தகரத்துக்கு ஆணி அடிக்கப்போகிறான் என்பதைத் தாய் கண்டும் காணாதவள்போல் இருந்தாள். மழையில் நனைந்தால் சாத்திரமும் கொஞ்சம் இளகும். ஆனால் சுத்தியலைக் காணவில்லை. ஆணி போட்டு வைக்கும் பேணியையும் காணவில்லை.

"ஆர் எடுத்தது? யது, கண்டனியோ?"

யது சுவரோடு ஒட்டி நின்றாள். வாயில் கை.

"கேக்கிறனெல்லோ!"

"கிணத்துக்க போட்டிட்டன்."

"என்னடி?"

"நீங்கள் ஆணி அடிச்சால் பேபிக்கும் வாய் கிழிஞ்சிடும்." அவள் விம்மிக்கொண்டே சொன்னாள். "எனக்குக் கிழிஞ்சது போதும் அப்பா. எனக்கு அடிச்சனீங்கள், பரவாயில்லை. பேபிக்கு அடியாதையுங்கோ."

தகரம் அடித்துக்கொண்டேயிருந்தது. நிஷாந்தன் வழக்கம்போல் வெளியே போகத் திரும்பினான். ராஜினி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அந்த வயிறு வாசலை நிறைத்தது.

"இண்டைக்கு நீங்கள் வயலுக்குப் போகேலாது. இவளுக்கு மறுமொழி சொல்லிப்போட்டுப் போங்கோ. உங்கட ஆணியாலதான் இவளின்ர வாய் கிழிஞ்சது எண்டு நம்புறியளோ, நம்பினால் அதைச் சொல்லுங்கோ. 'அப்பாதான் உன்னைக் கெடுத்தனான்' எண்டு முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. நம்பாட்டி அந்தச் சுவரை உடையுங்கோ. ரெண்டில ஒண்டு. நடுவில நிக்கிறதுக்கு இனி இடமில்லை."

"ராஜினி, அம்மா..."

"அம்மாவை விடுங்கோ. ஏழு வருசமா ஊர் என்னைத் திண்டுது. நீங்கள் ஒரு நாள், ஒரேயொரு நாள், 'ஆணி அடிச்சது நான், என்னைக் கேளுங்கோ' எண்டு சொன்னனீங்களோ?"

அவன் சுவரோடு சாய்ந்து குந்தினான். ஈரத் தலையோடு மகளைக் கிட்ட இழுத்தான்.

"இஞ்ச பார் யது. உன்ர வாய்க்கும் இந்த வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆணி ஒண்டும் செய்யேல்லை. அப்பாவுக்கு அது தெரியும். ஊருக்குப் பயந்து சொல்லாமல் இருந்திட்டன்."

"உண்மையாவோ?"

"உண்மையா."

"அப்ப ஏன் சுவரை உடைக்கேல்லை?"

பிள்ளையின் கேள்வி அது. தத்துவவாதிகள் சுற்றிச் சுற்றிப் பல பக்கங்களில் எழுதுகிற விடயத்தை அவள் ஒரே வரியில் கேட்டுவிட்டாள். நம்பவில்லை என்றால், ஏன் நம்புகிறவனைப்போல் நடக்கிறாய்?

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. நிஷாந்தன் இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தான். கமலேஸ்வரி ஓடிவந்து யன்னலுக்குக் கீழே சுவரோடு முதுகை ஒட்டி இருந்தாள்.

"என்னை உடைச்சுப்போட்டு உடை."

"எழும்புங்கோ அம்மா."

"எழும்பமாட்டன். உனக்கென்ன தெரியும்? எங்களை இந்த ஊர்ச் சனம் எண்டு எப்ப எடுத்தவங்கள்? எப்ப பிழை விடுவம் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறாங்கள். ஒரு பிழையும் விடக்கூடாது, ஒரு பிழையும்... அப்பிடித்தானடா உன்னை வளத்தனான்!"

ராஜினி அவளுக்கு முன்னே ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். நிற்க முடியாததால்தான் இருந்தாள், குரலில் இளக்கமில்லை.

"மாமி, இத்தனை வருசமா நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை. கோயில் திருவிழாவில எங்கட சனத்துக்கு ஒரு நாள் உபயம் தந்தவங்களோ? நீங்கள் அவிச்ச மோதகத்தை நேசமலர் அக்கா தின்னுறவாவோ, இல்லாட்டி மாட்டுக்குப் போடுறவாவோ? உங்களுக்குத் தெரியும். வேலிக்குள்ளால நீங்களே கண்டிட்டு வந்து அழுதனீங்கள். அவங்கள் திறக்காத படலைக்காக என்ர பிள்ளையளை நான் பலி குடுக்கமாட்டன்."

கமலேஸ்வரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்தது என்று எழுதினால் பொய். வெறுப்புத்தான் இருந்தது; மறைத்து வைத்த புண்ணைப் பகலில் திறந்துவிட்டவள்மேல் வருகிற வெறுப்பு. சுவரைப் பிடித்து எழுந்து, முற்றத்துக்குப் போய், தென்னையோடு இருந்துகொண்டாள். இந்த நாள்வரை மருமகளோடு கதைப்பதில்லை.

மூன்று வரிக் கல். ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்கும் முன் விழுந்துவிட்டது. இதற்காகத்தான் ஒரு பெண்ணை மருந்திலிருந்து மறைத்தார்கள். தூசி அடங்கியதும் ராஜினி கூடத்திலிருந்து நேரே புதிய அறைக்குள் நடந்து போனாள். யது பின்னாலேயே போனாள்.

வேலியில் நேசமலர் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"உடைச்சாச்சோ? சரி. தையில பிள்ளை பிறக்கட்டும், பாப்பம்."

"பாருங்கோ அக்கா" என்றாள் ராஜினி வெளிக்கதவில் நின்று. "பிள்ளை எப்பிடிப் பிறந்தாலும் தூக்கிக்கொண்டு வந்து உங்களுக்குத்தான் முதல் காட்டுவன். ஒளிக்கமாட்டன். ஆனா இன்னொருக்கால் என்ர மூத்தவளின்ர முகத்தைப் பாத்து அந்தக் கதை கதைச்சியள் எண்டால், பிள்ளைத்தாய்ச்சி எண்டு பாக்காமல் வேலி தாண்டி வருவன்."

நேசமலர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனாள். யாரும் திருந்தவில்லை. யோகலிங்கம் தெருவில் கண்டால் மறுபக்கம் பார்க்கிறான். வாசலின் ஓரங்கள் பூசப்படாமல் கிடக்கின்றன. பூச மேசன் கிடைக்கவில்லை. நிஷாந்தன் ஒவ்வொரு கிளினிக் நாளும் எல்லோரும் பார்க்க அவளை மோட்டார் சைக்கிளில் மெதுவாக ஏற்றிப் போகிறான். சுவரை உடைத்ததற்குப் பிறகு அவன் செய்த ஒரே துணிச்சல் அதுதான். ஏழு வருடம் பிந்தி வந்தது.

பிள்ளைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. எப்படிப் பிறக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஸ்கானுக்கும் முழுதாகத் தெரியாது. நலமாகப் பிறந்தால் ஊர் வாய் திறக்காது. 'கடவுள் காப்பாற்றினார்' என்று கடந்துபோகும். ஏதேனும் குறையிருந்தால், அந்த மூன்று வரிக் கல்லை இன்னும் மூன்று தலைமுறைக்குச் சொல்லும். இந்த வழக்கில் ராஜினி வெல்லவே முடியாது. எந்தச் சான்றும் தன்னைத் தோற்கடிக்க முடியாதபடி கட்டப்பட்ட வழக்கு இது. இதை நம்பிக்கை என்கிறார்கள். இதற்குச் சரியான பெயர் கொடுமை.

உங்கள் தெருவிலும் ஒருத்தி இப்போது சேர்ட்டுக்குள் வயிற்றை மறைத்துக்கொண்டு, ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறாள். யாரென்று உங்களுக்குத் தெரியும். அவள் வீட்டுக்குப் போங்கள். அவளைக் கிளினிக்குக்கு நீங்களே கூட்டிப்போங்கள், எல்லோரும் பார்க்கும்படியாக. குறையோடு பிறந்த ஒரு பிள்ளையின் முன்னால் எவராவது தாயின் பிழை என்று வாய் திறந்தால், அந்த இடத்திலேயே, அந்தப் பிள்ளைக்குக் கேட்கும்படியாக, "பொய்" என்று சொல்லுங்கள். நாளைக்கல்ல. இன்றைக்கே போங்கள்.